கதவில் இருந்த கருப்பு முடிச்சு

புதன்கிழமை காலை எடிட்டர் இலாரியோ தானே படியிறங்கி வந்து கூப்பிட்டபோதே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று ஹசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காத மனிதர் அவர். யாராவது வேண்டுமென்றால் ஜன்னல் வழியே பெயர் சொல்லிக் கத்துவார். ஸ்டுடியோவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். அன்றைக்கு அவர் கத்தவில்லை.

"கொஞ்சம் மேல வா, ஹசிந்தா. உன் நோட்டையும் எடுத்துக்க," என்றார், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில்.

ஹசிந்தா அந்த ஸ்டுடியோவில் நாலு வருஷம் தட்டச்சு செய்தவள். போன வருஷம்தான் கன்டினியூட்டி பார்க்கும் வேலை கிடைத்தது. ஒரு ஷாட்டில் கதாநாயகன் தொப்பியை இடது கையில் வைத்திருந்தால் அடுத்த ஷாட்டிலும் இடது கையில்தான் இருக்கிறதா, பாதி குடித்த கோப்பை பாதியாகவே நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதுகிற வேலை. ஐம்பது ஆண்கள் சத்தம் போடும் தளத்தில் ஒரே பெண்ணாக, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். எல்லாம் சரியாக நடந்தால் அவள் ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. அதுதான் அந்த வேலையின் பெருமை என்று அவள் நினைத்திருந்தாள்.

இலாரியோ விளக்கை அணைத்துவிட்டு மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரத்தை ஓட்டினார். சின்னக் கண்ணாடியில் படம் ஓடியது. அம்மா மகனை வழியனுப்பும் காட்சி. மகன் வடக்கே, எல்லை தாண்டி, பருத்தி எடுக்கும் வேலைக்குப் போகிறான். அம்மாவாக நடித்த ஔரேலியா வாசலுக்கு வந்து, பின்னால் கையை நீட்டிக் கதவைப் பாதி சாத்திவிட்டு, அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணில் நீர் திரண்டு நிற்கிறது. கடைசி வரை விழவில்லை.

"எப்படி இருக்கு?"

"என்னன்னு சொல்றது? அந்தம்மா அந்தம்மாதான்."

"சரி. இப்போ முகத்தைப் பாக்காத. கதவைப் பாரு."

அவர் திரும்ப ஓட்டினார். ஔரேலியா சாத்திய கதவின் மேல், அவள் தோளுக்குப் பக்கத்தில், கருப்பு ரிப்பனைப் பூவாக முடிந்த ஒரு முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது.

ஹசிந்தா கண்ணாடிக்கு அருகே குனிந்தாள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வாசல் கதவில் அந்தக் கருப்பு முடிச்சை மாட்டுவார்கள். அதைப் பார்த்தால் போகிற வருகிற ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், பெண்கள் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார்கள். இந்தப் படத்தில் அம்மா சாவது மகன் போன பிறகு. வடக்கே இருந்து திரும்பி வருகிறவன் தெருமுனையிலிருந்தே அந்த முடிச்சைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அது படத்தின் கடைசிக் காட்சி. இங்கேயோ அம்மா உயிரோடு நின்று கையசைக்கிறாள், அவளுடைய சாவு அவள் தோளுக்குப் பின்னாலேயே தொங்குகிறது.

"கடைசிக் காட்சியை மூணு வாரம் முன்னாடி திங்கட்கிழமை எடுத்தோம்," என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. "இது மறுநாள், செவ்வாய்க்கிழமை. அதே கதவு."

"தெரியும். வேற டேக் இல்ல. முதல் டேக்ல மைக்கோட நிழல் விழுந்திருக்கு. ரெண்டாவதுல அந்தப் பையன் வசனத்தைக் குழப்பிட்டான். செட்டைப் பிரிச்சாச்சு. அந்தம்மா ஹவானாவுல வேற படத்துல இருக்காங்க. சனிக்கிழமை சாயங்காலம் பேட்டைக் கொட்டகையில பிரிவ்யூ." இலாரியோ விளக்கைப் போட்டார். "டைரக்டருக்கு இப்பத்தான் சொல்லி அனுப்பினேன். அவர் வர்றதுக்குள்ள உன் நோட்டுல என்ன இருக்குன்னு பாத்துக்க."

நோட்டைப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. எல்லாம் நன்றாக நினைவிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, செட் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் நபோர், எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடுவது தோன் நபோர், ஏணியோடு வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்: "மகளே, இந்த முடிச்சைக் கழட்டிரட்டுமா?" அவள்தான் வேண்டாம் என்றாள். மறுநாள் இதே முடிச்சை வைத்து இன்னொரு ஷாட் எடுக்க வேண்டியிருந்தது. கழற்றி மறுபடி மாட்டினால் ரிப்பன் வேறு மாதிரி விழும், அதைப் பொருத்துவது பெரும்பாடு. கதவு முழுசாகத் திறந்து உள்பக்கச் சுவரோடு ஒட்டித்தானே நிற்கப் போகிறது, முடிச்சு தெரியாது. ஒத்திகையிலும் அப்படித்தான் நின்றது. மூன்றாவது டேக்கில் ஔரேலியா தன் பாட்டுக்குக் கையை நீட்டிக் கதவை இழுத்தாள். அந்த நேரம் பார்த்து ஹசிந்தாவின் கண் ஜன்னலில் இருந்தது.

ஜன்னலில் இருந்ததெல்லாம் டைரக்டர் லிசாந்த்ரோவின் சாமான்கள். அவர் பாரிஸில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். திரையில் எதுவும் சும்மா இருக்கக் கூடாது, ஒவ்வொரு பொருளும் பேச வேண்டும் என்பார். ஜன்னலுக்கு உள்ளே ஒரு கடிகாரம், நாலு பத்தில் நின்று போனது; அந்த வீட்டில் காலம் நின்றுவிட்டதாம். பக்கத்தில் கூண்டில் ஒரு மஞ்சள் குருவி. மகன் கூண்டை விட்டுப் பறக்கிறானாம். வாசலில் வாய் உடைந்த ஒரு பானை. அதற்கும் ஏதோ அர்த்தம் உண்டு. "செனோரிதா, கடிகாரமும் குருவியும் இம்மி பிசகக் கூடாது, கண்ணை எடுக்காதீங்க," என்று அவர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

லிசாந்த்ரோ வந்தார். நின்றபடியே இரண்டு முறை பார்த்தார். 

"நபோரைக் கூப்பிடு."

தோன் நபோர் மரத்தூள் படிந்த கையோடு வந்து தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். வயது அறுபதை நெருங்கியவர். பேசாத படங்கள் எடுத்த காலத்திலிருந்தே ஸ்டுடியோக்களில் இருப்பவர்.

"கண்ணு தெரியலன்னா வீட்டுல உக்கார வேண்டியதுதானே, நபோர்? செத்துப்போன வீட்டு முடிச்சை உயிரோட இருக்கிறவ தலைமேல தொங்க விட்டிருக்கீங்க! கொட்டகையில மேல் காலரி மலிவு டிக்கெட் ஆளுங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. ஔரேலியா கண்ணுல தண்ணி நிக்குது, அவனுங்க சிரிப்பானுங்க!"

தோன் நபோர் ஹசிந்தாவை ஒருமுறை பார்த்தார். கோபப் பார்வை இல்லை. பக்கத்தில் நிற்பவரை மணி என்ன என்று கேட்கும் பார்வை.  இதோ சொல்கிறேன், இதோ சொல்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நேரம் கடந்துவிட்டது.

"மறந்துட்டேன் ஐயா," என்றார் தோன் நபோர்.

"சனிக்கிழமை பிரிவ்யூ முடியட்டும். திங்கட்கிழமையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

தோன் நபோர் போன பிறகு படத்தில் அந்த இடத்தை மறைக்க வழி தேடினார்கள். இலாரியோ, ஔரேலியாவின் முகம் வரும் துண்டை வெட்டிவிட்டு அங்கே கூண்டுக் குருவியின் ஷாட்டை வைத்து ஓட்டிக் காட்டினார். குருவி கம்பியில் உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. அம்மாவின் முகம் போய்விட்டதால் பையன் யாரிடம் விடை பெறுகிறான் என்றே புரியவில்லை. லிசாந்த்ரோ தன் குருவியை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "வேண்டாம், பழையபடியே இருக்கட்டும். எல்லாரும் அவ முகத்தைத்தான் பாப்பாங்க. கதவை யாரு பாக்கப் போறா?" என்றார். அவர் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

மறுநாள் காலை ஹசிந்தா சாமான் கிடங்குக்குப் போனாள். தோன் நபோர் அலமாரிகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்தித் தண்டுகள், கைத்துப்பாக்கிகள், பொய் மீசைகள். அடுத்து வருகிறவன் தேடித் திண்டாடக் கூடாது என்று.

"ஏன் சொல்லல, தோன் நபோர்? நான்தானே கழட்ட வேண்டாம்னு சொன்னேன்?"

அவர் பசையைத் தடவி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. நேராக டைரக்டர் அறைக்கு ஓடினாள். அவர் தலைவலி என்று ஓய்வெடுக்க வெளியூர், குவெர்னவாகாவுக்குப் போய்விட்டார், சனிக்கிழமை நேரே கொட்டகைக்குத்தான் வருவார் என்றான் வாசலில் இருந்தவன். தைரியம் வந்தபோது கேட்க ஆள் இல்லை. இரண்டு நாள் அந்தத் தைரியத்தைக் கெட்டுப்போகாமல் காப்பாற்றி வைத்திருப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. வீட்டில் அக்கா, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று கேட்டாள். தட்டில் போட்ட பீன்ஸ் அப்படியே ஆறிக் கிடந்தது.

சனிக்கிழமை நாலு மணிக் காட்சி. கொட்டகை சந்தைக்குப் பின்னால் இருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள், கோழி விற்கிறவர்கள், துணி வெளுக்கும் பெண்கள், பிள்ளைகுட்டிகள் என்று ஜனம் நெரிந்தது. எல்லார் கையிலும் வறுத்த பூசணி விதைப் பொட்டலம். புதுப் படத்தை முதலில் அங்கே போட்டுப் பார்ப்பது தயாரிப்பாளர் தோன் எவரிஸ்தோவின் பழக்கம். அந்தக் கொட்டகையில் பிடித்தால் அழுவார்கள், பிடிக்காவிட்டால் திரையோடு சண்டை போடுவார்கள். நடுவில் எதுவும் கிடையாது.

லிசாந்த்ரோ காரிலிருந்து இறங்கியதுமே ஹசிந்தா போய் வழியில் நின்றாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். அந்த முடிச்சைத் தோன் நபோர் மறக்கல. கழட்டட்டுமான்னு என்கிட்ட கேட்டார். நான்தான் வேண்டாம்னேன். கதவு திறந்தே இருக்கும்னு நெனச்சேன். தப்பு என்னோடது."

"புதன்கிழமை நாக்கு எங்க போச்சு?"

"பயமா இருந்துச்சு."

"இப்போ?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு."

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. நபோர் இருக்கட்டும். திங்கட்கிழமையிலேருந்து நீ வர வேண்டாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

 ஹசிந்தாவுக்கு வேலை போயிற்று, ஆனால் புதன்கிழமை சொல்லாமல் விட்டதைச் சொல்லியாயிற்று. கொட்டகை வாசலில் எண்ணெய்ப் பலகாரம் மணக்கிறது என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே போய்ப் பின்வரிசையில் தோன் நபோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லிட்டேன்," என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பூசணி விதைப் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினார்.

படம் ஓடியது. முதல் அரைமணி நேரம் ஜனம் சும்மாவே இல்லை. பிள்ளைகள் அழுதன, யாரோ யாரையோ இருக்கை மாறச் சொன்னார்கள், விதை உடைக்கும் சத்தம் மழைத்தூறல் போல விடாமல் கேட்டது. ஜன்னல் கடிகாரத்தைக் கேமரா நெருங்கிப் போய்க் காட்டியபோது மேல் காலரியிலிருந்து ஒருவன், "கடிகாரத்துக்குச் சாவி குடுங்கய்யா!" என்று கத்தினான், கொட்டகையே சிரித்தது. உடைந்த பானையைக் காட்டியபோது ஒரு பெண்பிள்ளை, "இவ்வளவு பெரிய நடிகை, ஒரு பானை வாங்கக்கூடாதா?" என்றாள். குருவி வந்தபோது, "அதுக்கு இரை வச்சீங்களா?" என்று இன்னொரு குரல். முன்வரிசையில் லிசாந்த்ரோவின் தலை தோளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போவதை ஹசிந்தா பார்த்தாள். பாவமாக இருந்தது.

வழியனுப்பும் காட்சி வந்தது. ஔரேலியா வாசலுக்கு வந்தாள். பின்னால் கையை நீட்டினாள். ஹசிந்தா தன் முழங்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரும் பார்க்கக் கூடாது, சாமி, ஒருத்தர்கூடப் பார்க்கக் கூடாது.

"முடிச்சு!" என்றது காலரியிலிருந்து ஒரு குரல். "கதவுல பாரு, கருப்பு முடிச்சு!"

அடுத்து வரப்போகும் சிரிப்புக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை. எதுவுமே வரவில்லை. ஏதோ விட்டுப்போனது போல இருந்தது. என்ன என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. விதை உடைக்கும் சத்தம் நின்றிருந்தது. அத்தனை பேரும் கையைப் பொட்டலத்துக்குள் விட்டபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த அமைதியில் நடுவரிசையிலிருந்து ஒரு பெண், யாரிடமும் இல்லாமல், சாதாரணக் குரலில் சொன்னாள்: "ஐயோ, அவளுக்குத் தெரியும்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு இன்னொருவர். திரையில் மகன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கதவைக் கவனிக்காமலே திரும்பி நடந்தான். "பாருடா, திரும்பிப் பாருடா பாவி!" என்று ஒரு கிழவர் கம்மிய குரலில் கத்தினார். பாதிக் கொட்டகை அழுதது. கடைசியில் மகன் திரும்பி வந்து தெருமுனையில் அந்த முடிச்சைப் பார்த்தபோது, அவனுக்குத் தெரியாதது எங்களுக்கு எப்போதோ தெரியும் என்பது போல அத்தனை பேரும் அவனுக்காக அழுதார்கள். மூட்டை தூக்குகிற ஆட்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். ஹசிந்தா அதைப் பார்த்தாள். தோன் நபோரும் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

விளக்கு வந்ததும் தோன் எவரிஸ்தோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாசல் கூடத்தில் லிசாந்த்ரோவைத் தேடி வந்தார். பருத்த மனிதர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அப்பனே, அந்த முடிச்சு! அந்த ஒரு முடிச்சு! வழியனுப்புற காட்சிக்கு எழுத்துல இல்லவே இல்லையே, எப்போ தோணுச்சு உனக்கு?"

லிசாந்த்ரோ வாயைத் திறந்தார்.  அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் ஒரு பெண் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றுவிட்டாள். கனத்த உடம்பு, சோப்புக் காரத்தில் வெந்து வெளுத்த கைகள். துணி வெளுக்கிறவள். செனோபியா என்று பின்னால் வந்தவர்கள் கூப்பிட்டார்கள். 'அவளுக்குத் தெரியும்' என்ற குரல் இவளுடையதுதான் என்று ஹசிந்தாவுக்கு உடனே புரிந்தது.

"படம் எடுத்தவர் நீங்கதானா? ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க. இந்த ஆளு ஒத்துக்கவே மாட்டேங்கிறான்." அவள் பக்கத்தில் நின்ற மூட்டைக்காரரைச் சுட்டினாள். "அந்த முடிச்சை யாரு மாட்டினது?"

"யாரும் மாட்டல," என்றார் மூட்டைக்காரர். "சாவு முன்னாடியே வந்து வாசல்ல நிக்குது. நமக்கு மட்டும் தெரியுது, அவங்க ரெண்டு பேருக்கும் தெரியல. அதான் விஷயம்."

"உன் தலை! அவ கையை நீட்டிக் கதவை இழுத்தாளா இல்லையா? சும்மா இழுப்பாளா ஒருத்தி? அவன் பாக்கணும்னுதான் இழுத்தா. அவளேதான் மாட்டியிருக்கா."

"தன் சாவுக்குத் தானே மாட்டுவாளா?"

"அவ சாவுக்கு இல்லய்யா, மண்டு!" செனோபியாவின் குரல் ஏறி, சட்டென்று இறங்கியது. "மகன் போறானே, அதுக்கு. போனவன் திரும்ப வருவான்னு யாரு கண்டா? எங்க பையன் வடக்க போய் மூணு வருஷமாச்சு. அவன் போன அன்னிக்கு நான் கதவைச் சாத்திட்டு, கண்ணாடியைத் துணி போட்டு மூடினேன், சாவு வீட்டுல மூடுற மாதிரி. என் வீட்டுக்காரர், கிறுக்கச்சி, உசிரோட இருக்கிறவனுக்கு என்னடி இதுன்னு கத்தினார். எனக்குச் சொல்லத் தெரியல. இன்னிக்கு இந்தம்மா சொல்லிட்டா." அவள் லிசாந்த்ரோவைப் பார்த்தாள். "சரிதானே? அவதானே மாட்டினா?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். லிசாந்த்ரோவின் முகத்திலிருந்த ஆணவம் எல்லாம் வடிந்துபோக, அவர் பரீட்சையில் கேள்வி புரியாத மாணவன் போல நின்றார்.

"அந்தக் குருவி?" என்று மெதுவாகக் கேட்டார். "ஜன்னல்ல கூண்டுல ஒரு குருவி இருந்ததே. அது உங்களுக்கு என்ன சொல்லுச்சு?"

"எந்தக் குருவி?" செனோபியா யோசித்தாள். "ஓ, அதுவா. தண்ணிக் கிண்ணம் காலியா இருந்துச்சு, பாவம்."

தோன் எவரிஸ்தோ வெடித்துச் சிரித்தார். லிசாந்த்ரோ சிரிக்கவில்லை. சிரிக்காமலே திரும்பி, தூண் ஓரமாக நின்ற ஹசிந்தாவைக் கையால் காட்டினார்.

"முடிச்சு என் யோசனை இல்ல. அது அங்க இருந்ததுக்குக் காரணம் அந்தப் பொண்ணு. அவளைக் கேளுங்க."

ஹசிந்தா தூணை விட்டு முன்னால் வந்தாள். தப்பு, மறந்துபோனது, கழற்றாமல் விட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். செனோபியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவற்றில் எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்வதாக ஆகிவிடும் என்று பட்டது. பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"மாட்டினது யாருன்னு நாங்க படத்துல சொல்லலம்மா," என்றாள். "ஆனா நீங்க சொன்னதைவிட நல்லா யாரும் சொல்ல முடியாது."

"கேட்டியா!" என்று செனோபியா மூட்டைக்காரரை இடித்தாள். "நான் சொன்னதுதான்."

"அவங்க அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொன்னாங்க. உனக்குக் காது அடைச்சிருக்கு." சண்டை போட்டுக்கொண்டே இருவரும் தெருவில் இறங்கிப் போனார்கள்.

கூட்டம் கலைந்தது. இலாரியோ சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு வந்து சொன்னார்: "நாம தப்புன்னு பயந்து சாகிறோம். அவங்களுக்குத் தப்புன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. திரையில எது இருந்தாலும் தங்களுக்குச் சொன்னதுன்னு எடுத்துக்கிறாங்க."

"என் குருவியை எடுத்துக்கலையே," என்றார் லிசாந்த்ரோ.

"குருவியை வச்சு நீங்க அவங்களுக்குப் பாடம் எடுத்தீங்க. முடிச்சை அவங்களே கண்டுபிடிச்சாங்க."

லிசாந்த்ரோ அவரை முறைத்தார். பிறகு கையுறையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். ஹசிந்தாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் உன்னை வர வேண்டாம்னு சொன்னேன் இல்ல?"

"ஆமாங்கய்யா."

"திங்கட்கிழமை எட்டு மணிக்கு வா. கடிகாரத்தையும் குருவியையும் வெட்டணும். எங்கெங்க இருக்குன்னு உன் நோட்டுலதான் இருக்கும்." இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "பானை இருக்கட்டும். பானை எனக்குப் பிடிக்கும்."

கார் கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரை ஹசிந்தா அசையவில்லை. பிறகு கொட்டகைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது கொட்டாவி. ஒன்றல்ல, மூன்று, தாடை வலிக்கும் அளவுக்கு. மூன்று நாள் தூக்கம் ஒரே நேரத்தில் வந்து கேட்டது போல. தோன் நபோர் எதிர்ப்பக்கத்தில் அண்டா வைத்துப் பலகாரம் விற்பவளிடம் போய், சோள மாவை இலையில் பொதிந்து அவித்த தமால் நாலும் இரண்டு குவளை சூடான சோளக் கஞ்சியும் வாங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னும் வெயில் இருந்தது. சந்தைக்காரர்கள் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

முதல் தமாலை அவள் மூன்று வாயில் முடித்தாள்.

"மெதுவா, புள்ள. இலையையும் சேத்து முழுங்கிடாத."

"தோன் நபோர், என் மேல கோவம் இருந்துச்சா?"

"பின்ன இருக்காதா? புதன்கிழமை வீட்டுக்குப் போற வரைக்கும் டிராம்ல உன்னைத் திட்டிக்கிட்டே போனேன். பக்கத்துல இருந்தவன் எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டான்."

"என்னென்ன திட்டினீங்க?"

"சொன்னா உனக்கு ரெண்டாவது இறங்காது."

"பரவால்ல, சொல்லுங்க."

அவர் கஞ்சியை ஊதிக் குடித்துக்கொண்டு யோசித்தார். "முதல்ல, தட்டச்சுக்காரின்னு திட்டினேன்."

"அது திட்டா?"

"அன்னிக்கு நான் சொன்ன விதத்துல அது பெரிய திட்டு. அப்புறம் உங்க ஊரைத் திட்டினேன். புயெப்லாக்காரங்க எல்லாரையும் வரிசையா. அப்புறம் உங்க அக்காவை."

"எங்கக்கா என்ன பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணல. ஸ்டாப்பிங் வர இன்னும் நேரம் இருந்துச்சு."

ஹசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயில் தமால், கையில் குவளை. சிரிப்பை அடக்கப் போய்க் கஞ்சி மூக்கில் ஏறியது. இருமினாள், கண்ணில் நீர் வந்தது, மறுபடி சிரித்தாள். தோன் நபோர் அவள் முதுகில் தட்டிக் கொடுத்துக்கொண்டே மூன்றாவது தமாலைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "இது என்னோடது," என்றார்.